பென்சிலால் எழுதுங்கள்

தங்கும் நாட்கள் என்ற கட்டத்தில்
மூன்று என்று எழுதப் போனேன்.
என் பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு
பென்சிலை நீட்டினார் கக் ரொஸ்னா.

இருபது வெள்ளி முன்பணம்.
மரக்கட்டையில் ஆறு என்று பொறித்த சாவி.
குளிர்பெட்டியில் இரண்டாம் தட்டு, இடப்பக்கம்.
மாடும் பன்றியும் இங்கே அடுப்பேறாது,
கருவாடு வறுத்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும்.
சட்டம் அவ்வளவுதான் என்றார்.

சொல்லாத சட்டம் ஒன்று இருந்தது.
அடுப்படியில் கற்றுக்கொண்டேன்.
பிள்ளைக்கு எப்படி இருக்கிறதென்று
இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
பசியாறியாச்சா என்பார்கள்,
அவரவர் மொழியில்.

இன்னும் இல்லை என்றால்
காய்ச்சல் இறங்கவில்லை.
கொஞ்சம் என்றால்
ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.
பதிலே வராமல் தட்டு மட்டும் கழுவப்பட்டால்
துடைக்கிற துணியோடு
பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

சௌகிட்டின் இரைச்சலைத் தாண்டி
மேம்பாலம் ஏறி இறங்கினால்
ஏழு நிமிடத்தில் ஆஸ்பத்திரி.
யுவனேஷுக்கு ஏழு வயது.
ஜன்னல் பக்கக் கட்டில் கிடைத்ததில்
அவனுக்குப் பெருமை.
மோனோரயில் போகும்போதெல்லாம் எண்ணுகிறான்.
டாக்டர் எண்ணுவது வேறு.
இரண்டு எண்ணிக்கையும்
தினமும் எனக்குச் சொல்லப்படும்.
ரயில்கள்தான் கூடுகின்றன.

இரவில் ஒருவருக்கு ஒரு நாற்காலி.
சனிக்கிழமை லாரியை நிறுத்திவிட்டு
சுங்கை சீப்புட்டிலிருந்து அவர் பஸ்ஸேறி வருவார்.
அன்று நாற்காலி அவருக்கு,
ஆறாம் அறைக் கட்டில் எனக்கு.
முதல் சனிக்கிழமை
காலை நீட்டிப் படுக்கக் கூசியது.
மடக்கியே தூங்கினேன்.

ஊரில் மூத்தவள், பக்கத்து வீட்டில்.
விடியற்காலை போன் வரும்,
அம்மா, என் வெள்ளைக் காலுறை எங்கே?
இரும்பு பீரோ, கீழ்த்தட்டு, துண்டுக்கு அடியில்.
இங்கிருந்தே தேடிக் கொடுத்தேன்.

மூன்று பதினொன்றானது.
பதினொன்று முப்பத்தெட்டானது.
அழித்து அழித்து
அந்தக் கட்டத்தில் மட்டும் காகிதம் மெலிந்து
கீழே இருந்த மேசையின் நிறம் தெரிந்தது.

ஐந்தாம் அறை ஜெனிட்டாவுக்கு.
கெனிங்காவ்விலிருந்து
பஸ்ஸும் விமானமுமாய் வந்தவள்,
மகளை ஒரு தோளிலும்
ஊர் அரிசியை மறு தோளிலும் சுமந்துகொண்டு.
பஸ்யாரு என்பாள் என்னிடம்.
தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்,
கேள்வியா கட்டளையா என்பது
அவளுக்கும் தெரியாது.
அவளுடைய சிவந்த மலையரிசியில்
என் ரசத்தை ஊற்றிப் பார்த்தோம்.
சேரவில்லை.
சாப்பிட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
வெளிச்சம் வருமுன் அவள் திரும்பி வந்தாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கழுவிக் கவிழ்த்திருந்த தட்டை எடுத்து
மறுபடி கழுவினாள்.
துடைத்து வைத்தேன்.
அதையே எடுத்து மறுபடி கழுவினாள்.
துடைத்தேன்.
சாலைக்கு அப்பால் பாங்கு ஒலித்து முடிந்தது.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
எண்ணுவது போதும் என்றிருந்தது.

பத்து மணிக்கு வேன் வந்தது.
கக் ரொஸ்னா அவள் படிவத்தை எடுத்து
அந்தக் கட்டத்தில்
பேனாவால் எழுதினார்.
அந்த மேசையில் பேனா எழுதி
நான் பார்த்தது அன்றுதான்.

குளிர்பெட்டியைத் திறந்தால்
என் தட்டில், இடப்பக்கம்,
பாதி மூட்டை மலையரிசி.
அரிசியைக் குளிர்பெட்டியில் வைப்பார்களா யாராவது?
என் இடம் என்று
அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் ஐந்தாம் அறைக்கு
கோலா லிப்பிஸிலிருந்து ஒரு சீனர்,
மனைவி வார்டில்.
சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.
பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டேன், தமிழிலேயே.
விழித்தார்.
சோற்றைக் காட்டினேன்.

முழுசாய் வேகவில்லை அது.
அந்த அரிசிக்குத் தண்ணீர் கூடுதலாய் வைக்க வேண்டுமாம்,
பிறகு யாரோ சொன்னார்கள்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
மென்று மென்று சாப்பிட்டார்.

என் கட்டத்தில் இன்று அறுபத்து நான்கு.
பென்சில்தான்.